சோத்தாங்கை

மாலை ஆறரை மணி ஆனால் மிருதுளாவின் வலது கை எழும்பும்.

தோளிலிருந்து விரல்நுனி வரை சாம்பல் நிறப் பின்னல் துணி மூடிய கை அது. கட்டிலின் வலப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் துளசிமணியின் முகத்தை நோக்கி மெதுவாக வரும். மூன்று விரல்களின் பின்பக்கத்தால் அம்மாவின் கன்னத்தை மேலிருந்து கீழாக ஒரே ஒரு தடவு தடவும். பிறகு மெத்தைக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த ஒரு தடவலை நம்பித்தான் துளசிமணி மிச்சமிருந்த இருபத்துமூன்று மணிச் சொச்ச நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மிருதுளாவுக்குப் பதினொரு வயது. நாலு வயதில் மாடிப்படி ஏறத் திணறினாள். ஏழில் சக்கர நாற்காலி வந்தது. ஒன்பதில் முழுக் கையைத் தூக்க முடியாமல் போயிற்று. தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் பிறவி நோய். உலகத்தில் எதெதற்கோ மாத்திரை வந்துவிட்டது, சாயத்தண்ணீர் ஓடிய நொய்யல் ஆற்றில் மீன்கூடத் திரும்பி வந்துவிட்டது, இந்த ஒரு நோய்க்கு மட்டும் மருந்து கண்டுபிடிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மருந்து வரவில்லை, சட்டை வந்தது. திருப்பூர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் பின்னிவிடுவார்கள் என்று பெருமையடித்துக்கொள்வார்கள். தசையையும் பின்னுவார்கள் என்று அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். துணிக்குள் ஓடும் இழைகள் சுருங்கி விரியும், கையைத் தூக்கும், மடக்கும். துளசிமணியின் கணவன் மோகனசுந்தரம் பின்னல் மில்லில் சூப்பர்வைசர். துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க மெசின்ல ஓடுன ரகந்தானுங்க இது, நல்லா இழுவை குடுக்கும்" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னான்.

சட்டையை மாட்டிவிட வந்தவள் நஸ்ரின், சட்டை செய்த கம்பெனியின் இன்ஜினீயர், இருபத்தேழு வயது. அவள்தான் அன்றைக்கு விளக்கினாள்.

"தசை செத்துட்டாலும் நெனப்பு சாகாதுங்க அக்கா. டம்ளர எடுக்கோணும்னு பாப்பா நெனச்சா, இருக்கற கொஞ்சநஞ்சத் தசையில ஒரு துடிப்பு வரும். கண்ணுக்குத் தெரியாது. சட்டை அதப் புடிச்சுக்கிட்டு மிச்ச வேலையச் செஞ்சிரும். ஆனா எந்தத் துடிப்புக்கு என்ன அர்த்தம்னு அதுக்குத் தெரியாதில்லீங்களா? நாலு மாசம் பாப்பாதான் சொல்லிக் குடுக்கோணும். அது பாடம். வாரா வாரம் சனிக்கிழமை மார்க் வரும்."

"பாஸ் மார்க்கு எத்தனைங்க?" துளசிமணி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எழுபது. நாலு மாசத்துல அது வரலைன்னா சட்டை அடுத்த குழந்தைக்குப் போயிரும். லிஸ்ட்டு பெருசுங்க அக்கா."

நான்கு மாத முடிவில் மிருதுளா எடுத்த மார்க் தொண்ணூற்று நாலு. சட்டை போட்ட குழந்தைகளிலேயே அதுதான் அதிகம். பள்ளி ஆண்டு விழாவில் அவள் கையெடுத்து ஓர் அசைப்பு அசைத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பார்த்தவர்கள் அழுதார்கள். துளசிமணியும் அழுதாள்.

*

சட்டை வந்து பதினான்காம் மாதம், ஒரு புதன்கிழமை மதியம், நஸ்ரின் முன்னால் போன் பண்ணாமல் வந்து நின்றாள். மோகனசுந்தரத்துக்கு அன்று வார விடுமுறை, வீட்டில்தான் இருந்தான். உள்ளறையில் மிருதுளா கண்மூடிப் படுத்திருந்தாள். துளசிமணி டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

நஸ்ரின் டம்ளரை வாங்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த கையையே பார்த்தாள்.

"அந்த வெரலுக்கு என்னாச்சுங்க அக்கா?"

"இதுங்களா? பவர்டேபிள்ல தைக்கறப்ப ஊசி ஏறிருச்சு. அவசர ஆர்டரு, தூக்கம் வேற. நரம்பு போயிருச்சுங்க, மடங்காது. அது ஆச்சு பன்னண்டு வருசம்." துளசிமணியின் வலது ஆள்காட்டி விரல் டம்ளரைத் தொடாமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

நஸ்ரின் இப்போது டம்ளரை வாங்கி டீப்பாயில் வைத்தாள். "சாயங்காலம் பாப்பா உங்களத் தொடுவாளே, எப்படித் தொடுவா? சித்த செஞ்சு காட்டுங்க."

துளசிமணி சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். பாதிவழியில் நின்றுவிட்டாள். மூன்று விரல் மடங்கியிருந்தது. ஆள்காட்டி விரல் விறைத்து நின்றது. மிருதுளா தொடும்போதும் அப்படித்தான் நிற்கும். தினமும் பார்த்ததுதான், பார்த்துக்கொண்டே இருந்தும் தெரியாமல் போயிற்று.

"தாராபுரத்துல ஒரு மூணு வயசுப் பையன்," என்றாள் நஸ்ரின். "போன வாரம் அவனப் பாக்கப் போனேன். ஆறரைக்கு அவங்கம்மா கன்னத்தத் தொட்டான். கரூர்ல ரெட்டைப் பொண்ணுங்க, அவங்களும் தொட்டாங்க. எல்லாரும் ஆள்காட்டி வெரல நீட்டிக்கிட்டு. அவங்க வெரல்ல ஒரு குறையும் இல்லைங்க. இது எங்க இருந்து வந்துச்சுன்னு ராவும் பகலும் தேடுனேன்."

"அவங்களுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" மோகனசுந்தரம் எழுந்து வந்தான்.

"மிருதுளாதான் மொதல் மார்க்குங்க அண்ணா. அதனால அவ பாடத்தையே மத்த சட்டைக்கெல்லாம் அடிப்படையாப் போட்டுட்டோம். நூத்தி நாப்பது குழந்தைங்க." அவள் துளசிமணியிடம் திரும்பினாள். "என்ன பண்ணுனீங்க அக்கா? திட்ட மாட்டேன். சொல்லுங்க."

துளசிமணி சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். தினமும் மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை பாடம். திரையில் 'டம்ளரை எடு' என்று வரும், மிருதுளா எடுக்க முயல்வாள், நூறு தடவை. முதல் சனிக்கிழமை முப்பத்தொன்று வந்தது. முப்பத்தொன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து மகளின் அட்டை ராக்கெட், தெர்மாகோல் எரிமலை, தேசத்தலைவர்கள் படத்தொகுப்பு எல்லாவற்றையும் ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுத்து முழு மார்க் வாங்க வைத்தவள் அவள். எந்த அம்மா செய்யவில்லை? முப்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது.

"துணி நல்லா இழுவை குடுத்துச்சுங்க," என்றாள். "என்ற கையையும் உள்ள நொழச்சுக்கிட்டேன். அவ கைக்கு அடியில. ரெண்டு கையும் ஒரே சட்டையில. அவ எடுக்கப் பாப்பா, நான் எடுத்துருவேன். பாடம் முடிஞ்சதும்..." நீட்டிய விரலை மறு கையால் மூடிக்கொண்டாள். "பாடம் முடிஞ்சதும் அந்தக் கையாலயே என் கன்னத்த ஒருக்காத் தடவிக்குவேன். பாவம் புள்ள, இத்தன கஷ்டப்படுதேன்னு. ஒரு ஆறுதலுக்கு. அத்தோட கழட்டிருவேன்."



"சட்டை அதையும் படிச்சுக்கிச்சு," என்றாள் நஸ்ரின். "பாடம் முடிஞ்சா கன்னத்தத் தொடோணும்னு."

"சரி, படிச்சுக்கிச்சு. ஆனா இப்பத் தொடறது பாப்பாதானுங்களே? அவ நெனச்சாத்தான அது எந்திரிக்கும்?"

நஸ்ரின் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்கற குழந்தைங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நாங்க ஒண்ணு பண்ணியிருந்தோம். துடிப்பே வரலைன்னாலும் மணியப் பாத்து, எதுக்க யாரு இருக்காங்கன்னு பாத்து, அதுவே யூகிச்சு ஆடும். நேத்து பூராப் பதிவையும் எடுத்துப் பாத்தேங்க அக்கா. இந்த வலது கையில பாப்பாவோட துடிப்புன்னு ஒண்ணுகூட இல்ல. மொத நாள்ல இருந்தே. மொத வாரத்து முப்பத்தொண்ணுகூடச் சட்டையோட யூகந்தான்."

பதினான்கு மாதம். ஆறரைக்கு ஆறரை. தன் கன்னத்தைத் தானே தடவிக்கொண்டு, தானே பூரித்துப்போய், பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருக்கிறாள்.

"மொத நாள்ல தசை இருந்துச்சேம்மா," என்றான் மோகனசுந்தரம். "டாக்டரே சொன்னாருங்களே."

"இருந்துச்சுங்க அண்ணா. எடது கையில."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மிருதுளா பிறவியிலேயே இடதுகைக்காரி. பென்சிலும் இடது, பந்தும் இடது. சாப்பிடும்போதுதான் துளசிமணிக்குப் பொறுக்காது. பீச்சாங்கையில் சாப்பிடும் பெண்ணை நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மூன்று வயதிலேயே கையைத் தட்டித் தட்டி மாற்றிவிட்டாள். சட்டைக்கான படிவத்தில் 'முதன்மைக் கை எது' என்று கேட்டிருந்தது. சோத்தாங்கை என்ற ஞாபகத்தில் 'வலது' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ரெண்டு நொடி வேலை.

"வலதுன்னு எழுதிட்டதால," நஸ்ரின் சொன்னாள், "எடது கையில வந்த துடிப்ப எல்லாம் சட்டை வேண்டாத நடுக்கம்னு ஒதுக்கிருச்சு. பாப்பா பாடம் பூரா எடது கையாலதான் முயற்சி பண்ணியிருக்கா."

"அப்ப இப்ப எடது கைக்கு மாத்திரலாமில்ல?" மோகனசுந்தரத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இப்பவே மாத்துங்க."

நஸ்ரின் பையிலிருந்து துடிப்பு அளக்கும் பட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சட்டைத் துணியை மேலே சுருட்டிவிட்டு மிருதுளாவின் இடது முன்கையில் சுற்றினாள். காதோரம் என்னவோ சொன்னாள். குழந்தையின் நெற்றி சுருங்கியது, உதடு இறுகியது. நஸ்ரினின் போன் திரையில் கோடு நேராகவே போயிற்று. மூன்று தடவை பார்த்துவிட்டுப் பட்டையைக் கழற்றி, கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"ஐப்பசி மாசத்தோட நின்னு போச்சுங்க," என்றாள். "எட்டு மாசம் முந்தின்னா முடிஞ்சிருக்கும்."

*

ஒதுக்கிய துடிப்புகள் எங்கே போயின என்று துளசிமணிதான் கேட்டாள். குப்பைக் கணக்கில் கிடக்கின்றன, அழிக்கவில்லை என்றாள் நஸ்ரின்.

"அத எனக்குக் காட்டுங்க."

"வெறும் கோடுதாங்க அக்கா. பாத்தா ஒண்ணும் புரியாது."

"சட்டையில ஓட்ட முடியுமா?"

நஸ்ரின் தயங்கினாள். முடியும் என்றாள், அர்த்தம் தெரியாவிட்டாலும் எந்தத் தசையில் துடிப்பு வந்ததோ அந்த இடத்து இழையைச் சட்டை இழுக்கும். மிருதுளாவின் சட்டையிலிருந்து இடக்கையை மட்டும் பிரித்தெடுத்தாள். இத்தனை மாதமும் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த கை அது. துளசிமணி அதைத் தன் இடக்கையில் ஏற்றினாள். துணி நல்லா இழுவை கொடுத்தது.

"எந்த நேரத்த ஓட்டட்டும்?"

"ஆறரை."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு துளசிமணியின் இடது கை தானாக எழுந்தது. அவள் தூக்கவில்லை. அது நெஞ்சுக்குக் குறுக்கே போயிற்று, தட்டுத்தடுமாறி அவளுடைய வலது மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. பிடித்து, கீழே அமுக்கியது. ஒரு குழந்தையின் பலத்தில், நடுங்கிக்கொண்டே, விடாமல் அமுக்கியது. பிறகு சோர்ந்து விழுந்தது.

"வேற நாளு போடுங்க."

வேறு நாளும் அதுதான். இன்னொரு நாளும் அதுதான். ஆறரைக்கு வலது கை எழும்பும்போதெல்லாம் இடது கை அதைத் தடுத்து நிறுத்தப் பார்த்திருக்கிறது. கடைசி நாளைப் போடச் சொன்னாள். ஐப்பசியில் ஒரு நாள். இரண்டு விரல் மட்டும் லேசாக மடங்கி நிமிர்ந்தது. அதற்குப் பிறகு இல்லை.

மோகனசுந்தரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தான். சுவரைப் பார்த்தபடியே, "இதையெல்லாம் ரிப்போர்ட்டுல எழுதோணுங்களா அம்மிணி?" என்றான்.

"எழுதுனா எல்லாச் சட்டையையும் திரும்ப வாங்கிருவாங்க. மொதல்ல இருந்து பாடம் நடத்தோணும். சில குழந்தைங்களுக்கு அதுக்குள்ள துடிப்பு நின்னு போயிரும். எழுதலைன்னா..." நஸ்ரின் குரலைத் தாழ்த்தினாள். "இது எனக்கு மட்டுந்தாங்க தெரியும், அண்ணா."

"அப்ப உட்டுருங்க. நூத்தி நாப்பது அம்மாமாருங்க. எதையோ ஒண்ண நம்பிக்கிட்டு இருந்துட்டுப் போகட்டும். இவளும் இருந்துட்டுப் போகட்டும். பொய்க் கையின்னாலும் கை ஆடுதில்லீங்களா?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. துளசிமணிக்கு அந்த நியாயத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தாராபுரத்து அம்மாவை நினைத்தாள். அந்தப் பையனுக்கு மூன்று வயது. அவனுடைய தசை இன்னும் முழுக்கச் செத்திருக்காது.

எழுந்து உள்ளே போனாள்.

மிருதுளா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். அவளுக்குப் பேச்சு வரும். ஆனால் மூச்சு நாலு வார்த்தைக்கு மேல் தாங்காது.

"கேட்டுச்சும்மா... எல்லாம்."

"ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனே... மொத வாரம்."

சொல்லியிருந்தாள். துளசிமணிக்கு இப்போது துல்லியமாக ஞாபகம் வந்தது. கை தானாக எழும்பியதும், அம்மா, இது நான் பண்ணலியே என்றாள் குழந்தை. சத்தமாச் சொல்லாத கண்ணு, சட்டையப் புடுங்கிட்டுப் போயிருவாங்க என்று வாயைப் பொத்தினாள் இவள். சொன்னால் கேட்டுக்கொள்ளும் பிள்ளை. அதற்கப்புறம் சொல்லவே இல்லை.

"அப்புறம்... நீ சிரிச்சே," என்றாள் மிருதுளா. மூச்சு வாங்கினாள். "தெனமும்... ஆறரைக்கு சிரிச்சே. அதான்."

துளசிமணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கையப் புடிச்சு நிறுத்தப் பாத்தியே கண்ணு. அம்மாவத் தொடறது புடிக்கலியா?"

மிருதுளா வெகுநேரம் மூச்சைச் சேர்த்தாள்.

"அது என்னைய... முந்திக்குதும்மா. நான் தொடறதுக்குள்ள... அது தொட்டுருது."

துளசிமணியால் அழக்கூட முடியவில்லை. இவ்வளவு நாள் அழுததெல்லாம் எதற்கு என்றுதான் தோன்றியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, மகளிடம் யோசனை கேட்டாள்.

"அப்பா அப்படியே உட்டுரலாங்கறாரு. உன்ற கையி. நீ சொல்லு. என்ன பண்ணட்டும்?"

"அந்தப் பையனுக்கு... சொல்லிருங்க." கொஞ்சம் கழித்து, "கழட்டிரும்மா. வேர்க்குது," என்றாள்.

*

நஸ்ரின் அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதி அனுப்பினாள். சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். போகும்போது துளசிமணியின் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் வாசல்படி இறங்கினாள். மோகனசுந்தரம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். இன்னும் இரண்டு மூன்று நாளில் நூற்று நாற்பது வீடுகளுக்கு அந்த போன் போகும். எத்தனை பேர் தன்னைச் சபிப்பார்கள் என்று துளசிமணி யோசித்தாள். சபிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆறரை ஆயிற்று.

வழக்கம்போல் ஸ்டூலைக் கட்டிலின் வலப்பக்கம் போட்டுவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தால் மிருதுளாவின் முகம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. காதுக்குக் கீழே ஒரு சின்ன மச்சம். அவள் மறந்தே போயிருந்த மச்சம்.

போர்வையை விலக்கினாள். இடது கை உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்ளத்தான் கை பரபரத்தது. தன் இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். குனிந்து, மெத்தையில் தலையைச் சாய்த்து, கன்னத்தை அந்த விரல்களுக்குப் பக்கத்தில், படும்படி வைத்தாள். காத்திருந்தாள்.

மிருதுளாவின் நெற்றி சுருங்கியது. உதடு இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. வெளியே பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று.

"தொட்டுட்டேன்," என்றாள் மிருதுளா. மூச்சு இரைத்தது. "தெரிஞ்சுதாம்மா?"

தெரிஞ்சுது கண்ணு என்ற சொல் துளசிமணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நூறு மார்க் போட்டுவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

"இல்ல கண்ணு," என்றாள். "ஒண்ணுமே தெரியல."

மிருதுளா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு நிதானத்துக்கு வரும்வரை பேசவில்லை.

"செரி," என்றாள். "நாளைக்கு... மறுபடி பண்றேன்."